பழைய உடுப்பைக் கொடுப்பது தானமா?

அம்மாவின் அந்தியேட்டி முடிந்து நாலு மாதம் கழித்துத்தான் அவருடைய அலுமாரியைத் திறக்க எங்களுக்கு மனம் வந்தது. மிச்சத்தில் அவர் கடைசிக்காலத்தில் இருந்த அறை சிறியது. அலுமாரி மட்டும் ஒரு சுவரை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள் மூவருமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் கட்டிலில் அடுக்கி எண்ணினோம். சேலைகள் மட்டும் 73. கூறைச்சேலை ஒன்று, காஞ்சிபுரம் பட்டு 9, வோயிலும் கைத்தறியும் மணிப்புரியுமாகப் பருத்திச் சேலைகள் 21, ஊரில் ஒரு காலத்தில் எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கிய நைலெக்ஸ் 2. மிகுதி 40 உம் இந்த நாட்டிலே கலியாணவீடு, சாமத்தியவீடு, குடிபூரல் என்று போய்வந்த இடங்களில் கையிலே தந்துவிட்ட பொலியெஸ்ரர் சேலைகள். அவற்றுட் பல மடிப்புக் கலையாதவை. (இப்படிச் சேரும் சேலைகள் வீட்டுக்கு வீடு கைமாறுவது எம்மவர் அனைவருக்கும் தெரிந்த இரகசியம். நாங்கள் கொடுத்த சேலையே மூன்று வருடம் கழித்து எங்களிடம் திரும்பி வந்ததுண்டு. அதுவும் ஒருவகை மீள்பாவனைதானே!)

இவற்றை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை வரவில்லை. "ஊருக்கு அனுப்புவம், அங்க எத்தினை சனம் உடுக்க இல்லாமல் இருக்குது" என்றார் அக்கா. "கப்பற்காசு ஆர் குடுக்கிறது? சரிற்றிக் கடையில் குடுத்தால் அலுவல் முடிஞ்சுது" என்றார் தம்பி. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவின் மகள் இரண்டையும் மறுத்தாள். "மாமா, ரெண்டும் கடைசியில் குப்பையாத்தான் போகும். றீசைக்கிள் பண்ணுங்கோ, துணியில் இருந்து திரும்பவும் துணி செய்யினம்" என்றாள். மூவருமே நல்ல காரியம் என்று நம்பித்தான் சொன்னார்கள். அன்றிரவு சேலைகளைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டு, இவை போகக்கூடிய இடங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அதிலே அறிந்தவற்றையும், அதனால் ஏற்பட்ட மனச்சங்கடத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

முதலிலே சரிற்றிக் கடை. நாம் பையிற் கட்டிக் கொடுப்பது முழுவதும் அந்தக் கடையிலேயே விலைப்படுவதாக எம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் விலைப்படக்கூடியதை மட்டும் கடையில் தொங்கவிடுவார்கள். மிகுதி நிறைக்கணக்கில் வியாபாரிகளுக்குப் போகும். அவர்கள் தரம் பிரித்து, உடுக்கக்கூடியவற்றைப் பொதியாகக் கட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுவார்கள். பழைய உடுப்பு ஏற்றுமதியில் பிரித்தானியா உலகின் முன்வரிசை நாடுகளுள் ஒன்று. இதிலே வரும் பணம் நல்ல காரியங்களுக்கே செலவாகிறது என்பதால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பொதி கப்பலேறிய பின்னர் என்ன நடக்கிறது என்று நாம் விசாரிப்பதில்லை.

கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கன்டமான்டோ என்றொரு சந்தை உண்டு. மேற்கு நாடுகளின் பழைய உடுப்பு வந்து குவியும் பெரிய சந்தைகளில் அதுவும் ஒன்று. வாரமொன்றுக்கு 15 மில்லியன் உருப்படிகள் வருவதாக அங்கு வேலைசெய்யும் ஓர் அமைப்பு கணக்குச் சொல்கிறது. வியாபாரி பொதியைப் பிரிக்காமலே காசு கொடுத்து வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருடைய தலைவிதி. நல்லதாக வந்தால் அன்று அடுப்பெரியும். கிழிசலும் கறையுமாக வந்தால் கடன். பொதிகளைத் தலையிற் சுமப்பவர்கள் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளம் பெண்கள். விலைப்படாதது வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போய்க் கரையில் முறுக்கிய கயிறு போல ஒதுங்குகிறது. 2025 ஜனவரித் தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. அந்த மக்கள் இவ்வுடுப்புகளுக்கு வைத்திருக்கும் பெயர் 'இறந்துபோன வெள்ளையனின் உடுப்பு' என்று பொருள்படும். இவ்வளவு நல்ல துணியை உயிரோடிருப்பவர் கழித்துவிடுவார் என்று ஆரம்பத்தில் அவர்களால் நம்ப முடியவில்லையாம். எங்கள் கட்டிலில் கிடந்ததோ உண்மையாகவே இறந்தவர் ஒருவரின் உடுப்பு.

ஆனால் இதை வாசித்துவிட்டு, இனி எதையும் கொடுக்கவே கூடாது என்ற முடிவுக்கு வருவதும் பொருத்தமில்லை. அந்தச் சந்தையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. கிழிந்ததைத் தைத்து, சாயம் போட்டு, வெட்டி வேறொன்றாக்கும் தையற்காரர் அங்கே இருக்கிறார்கள். பழையதைப் புதிதாக்கும் கைப்பழக்கம் இலண்டனில் எந்தத் தெருவிலும் காணக் கிடைக்காத அளவுக்கு அங்கே இருக்கிறது. அவர்களைக் கெடுப்பது பொதிக்குள் நாம் மறைத்து அனுப்பும் குப்பைதான்.

அக்காவின் யோசனைக்கு வருவோம். இதிலே எங்கள் கையும் சுத்தமில்லை. 2004 டிசம்பர் கடற்கோளின்போது ஊருக்கென்று எங்கள் வீட்டிலிருந்தும் மூன்று பெட்டி உடுப்புப் போனது. அதிலொன்றில் ஒரு தடித்த கம்பளிக் கோட்டும் இருந்ததை இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது. கரையோர வெயிலில் அந்தக் கோட்டை யார் போட்டிருப்பார்? அதே நாட்களில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினம், கடலூர்க் கரையோரங்களில், நாடெங்குமிருந்து வந்த பழைய உடுப்பு வீதியோரமாகக் குவிந்து கிடந்தது. தங்கள் உழைப்பில் வாழ்ந்த மீனவக் குடும்பங்கள், வீடும் வள்ளமும் போன நிலையிலும், பிறர் உடுத்துக் கழித்ததை வாங்க மறுத்தார்கள். பின்னர் 'கூஞ்ச்' என்னும் தொண்டு நிறுவனம் அந்தக் குவியல்களை அள்ளிப் பிரித்துப் பயன்படுத்தும் வேலையை ஏற்றுக்கொண்டது. 1999 இல் அதைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015 இல் மகசாசே விருது கிடைத்தது. எஞ்சிய துணியைத் தைத்து விரிப்பாகவும் போர்வையாகவும் ஆக்குவது அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று. அள்ள வந்தவர் இருந்தபடியால் அந்தக் கதை அப்படி முடிந்தது.

கடோபநிடதத்தின் தொடக்கத்தில் ஒரு தகப்பன் யாகம் செய்து தன் உடைமைகளைத் தானம் செய்கிறார். அவர் கொடுக்கும் பசுக்களோ கறவை வற்றிய கிழட்டுப் பசுக்கள். பார்த்துக்கொண்டு நின்ற மகன் நசிகேதனுக்கு அது உறுத்துகிறது. தன்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர் என்று தகப்பனை விடாமற் கேட்கிறான். கதை அதன்பின் யமனிடம் போய்ப் பெரிய விடயங்களைப் பேசுகிறது. எமக்கு இந்த முதற் காட்சியே போதும். கொடுத்தவருக்குப் பாரம் இறங்கியது. வாங்கியவருக்கோ அந்த மாட்டைக் கட்டித் தீன்போடும் வேலையும், சாகும்போது புதைக்கும் வேலையும் சேர்ந்தது. எமது கறுப்புப் பைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தப் பசுக்களின் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

இனி மகள் சொன்ன மீள்சுழற்சி. இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தோம். 1813 ஆம் ஆண்டிலேயே யோர்க்ஷயரில் பற்லி என்ற ஊரில் பெஞ்சமின் லோ என்பவர், பழைய கம்பளித் துணியைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் வழியைக் கண்டார். அந்தத் துணிக்குப் பெயர் ஷொடி. மலிவுப் போர்வையும் படைவீரர் உடுப்பும் அதிலே செய்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அந்தத் துணியில் தைத்த சீருடைகள் சீக்கிரம் பிய்ந்து போனதால், ஆங்கிலத்தில் அச்சொல்லே 'தரங்கெட்டது' என்று பொருள்படலாயிற்று.

இன்று அந்தத் தொழிலின் தலைநகரம் வட இந்தியாவில் ஹரியானாவிலுள்ள பானிப்பட். மேற்கு நாடுகளின் கம்பளி உடுப்புகள், திரும்ப விற்க முடியாதபடி வெட்டப்பட்டு அங்கே வருகின்றன. பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து பொத்தானையும் சிப்பையும் அறுத்து, நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். பிறகு இயந்திரம் கிழிக்கும். நிறத்தைப் பார்த்துப் பிரிப்பதால் புதிதாகச் சாயம் போடும் தேவை குறைவு, தண்ணீரும் மிச்சம். ஆனால் தூசு அந்த மனிதரின் நெஞ்சுக்குள் போகிறது. மேக்னா குப்தா என்பவர் 2012 இல் எடுத்த 'அன்ராவல்' என்னும் ஆவணப்படத்தில் இந்தப் பெண்கள் பேசுகிறார்கள். இத்தனை நல்ல உடுப்பை மேல்நாட்டார் ஏன் எறிகிறார்கள் என்பதற்கு அவர்கள் கண்ட விளக்கம், அங்கே தண்ணீர் அவ்வளவு விலைபோலும், தோய்ப்பதைவிடப் புதிது வாங்குவது இலாபமாக்கும் என்பது. சிரிப்பு வந்தது. பிறகு அந்த 40 பொலியெஸ்ரர் சேலைகளைப் பார்த்தோம், சிரிப்பு நின்றுவிட்டது. அங்கும் இப்போது நிலைமை மாறிவருகிறது. புதுப் பொலியெஸ்ரர்ப் போர்வை பழைய கம்பளியிற் செய்த போர்வையைவிட மலிவாகி மெதுமையாகவும் இருப்பதால், பல ஆலைகள் ஷொடியைக் கைவிட்டுப் புதுப் பொலியெஸ்ரருக்கு மாறிவிட்டன.

பருத்திக்கு நல்ல உதாரணம் திருப்பூர். பனியன் தைக்கும்போது விழும் வெட்டுத்துண்டுகளை அங்கே வீசுவதில்லை. நிறவாரியாகப் பிரித்துப் பஞ்சாக்கி, சுற்றுவட்டாரத்திலுள்ள ஓ.இ. மில்களில் தடித்த நூலாக நூற்கிறார்கள். தரை விரிப்பு, துவாய், சமையலறைத் துணி என்று அது திரும்பி வருகிறது. நொய்யல் ஆற்றுக்குச் சாயக்கழிவால் நேர்ந்த கதியை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். பாசனத்துக்கென்று 1992 இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது போனது. சாயமே போடாத நூல் அங்கே சிறிய விடயமல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருப்பூரில் திரும்ப நூலாவது பெரும்பாலும் ஒருவரும் உடுக்காத புதுத் துண்டு. எந்தத் துணி, எந்தக் கலவை என்று மில்காரருக்குத் தெரியும். எங்கள் அலுமாரியில் இருந்தவற்றைப் பற்றி எங்களுக்கே தெரியாது. 'பட்டு' என்று சொல்லித் தந்தவற்றுட் பாதி பட்டில்லை.

கிழித்து நூற்பதில் உள்ள குறை இதுதான்: நல்ல பருத்தியின் நார் இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். கிழிக்கும்போது அது அறுந்து குறுகுகிறது. குறுகிய நார் மெல்லிய நூலாகாது. புதுப்பஞ்சு கலந்தாக வேண்டும், அல்லது தடித்த துணியோடு திருப்திப்பட வேண்டும். பழைய வோயில் சேலையிலிருந்து இன்னொரு வோயில் சேலை இந்த வழியில் பிறக்காது.

அதற்குத்தான் இரசாயன முறை என்கிறார்கள். பருத்தியைக் கரைத்துக் கூழாக்கி, அதிலிருந்து புது நார் இழுப்பது. சுவீடனில் சுன்ட்ஸ்வால் என்ற ஊரில் றினியூசெல் என்ற நிறுவனம் 2022 இல் பெரிய ஆலையே திறந்தது. 2024 பெப்ரவரியில் அது வங்குரோத்தாகி, பிறகு வேறு கைக்கு மாறி 'சேர்க்குலோஸ்' என்று பெயரெடுத்தது. முறை வேலை செய்தது. எதிர்பார்த்த அளவுக்கு வாங்க ஆளில்லை. புதிய நார் அதைவிட மலிவு. தவிர, அந்த ஆலைக்குப் போகும் துணி பெரும்பாலும் பருத்தியாக இருக்கவேண்டும். பொத்தான், சிப், ஜிகினா ஒன்றும் கூடாது. கடைகளிலே 'மீள்சுழற்சிப் பொலியெஸ்ரர்' என்று எழுதித் தொங்கும் உடுப்போ, பெரும்பாலும் பழைய பிளாஸ்ரிக் போத்தலில் செய்தது. திரும்பத் திரும்பப் போத்தலாக வரக்கூடியதை உடுப்பாக்கினால் அதன் பயணம் அநேகமாக அங்கே முடிந்துவிடும். உலகத்தில் கழிக்கும் உடுப்பில் நூற்றுக்கு ஒன்று கூடத் திரும்ப உடுப்பாவதில்லை என்று எலன் மக்காதர் அறக்கட்டளை 2017 இல் கணித்தது.

மிகுதி எங்கே போகிறது என்பதற்கு எங்கள் பகுதியில் தூரம் போகத் தேவையில்லை. நாம் குப்பை வாளியில் போடுவது, 2019 முதல் பெடிங்டனில் இயங்கும் எரியுலைக்குப் போய் மின்சாரமாகிறது. பொலியெஸ்ரர் எரிந்தால் அது எண்ணெய் எரிந்ததற்குச் சமம்.

மிச்சத்தில் இருந்துகொண்டு துணியைப் பற்றிப் பேசுபவர் வாண்டில் ஆற்றை மறக்கக்கூடாது. நாம் ஞாயிறுகளில் பிள்ளைகளோடு நடக்கும் அந்தக் கரை ஒரு காலத்தில் துணி வெளுக்கும் புல்வெளி. கலிக்கோ என்று இந்நாட்டார் சொன்ன துணிக்குப் பெயர் கோழிக்கோட்டிலிருந்து வந்தது. அதன் பூ வேலைப்பாட்டுக்கு மாதிரி சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது. எமது கரையின் சாயத்துணி இங்கே அவ்வளவு விரும்பப்பட்டதால், உள்ளூர் நெசவைக் காப்பாற்ற 1700 இலும் 1721 இலும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1774 இல் தடை நீங்கியது. வாண்டில் கரை அச்சுப்பட்டறைகள் பெருகின. 1881 இல் வில்லியம் மொறிஸ் மேர்ட்டன் அபியில் தன் பட்டறையை அமைத்தார். அது 1940 வரை நடந்தது. பக்கத்தில் லிபேர்ட்டியின் அச்சுவேலை 1972 வரை நடந்தது. அந்நாளில் ஒரு நல்ல துணி வாங்கியவர் அதைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார். தாயின் சட்டை மகளுக்கு, மகளின் சட்டை மெத்தை உறைக்கு. ஊரில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்புவின் வேட்டி கிழிந்தால் திரியாகும், பழஞ்சேலை ஏணையாகும், பிறகு கைப்பிடித்துணி, கடைசியில் நிலம் துடைக்க. 1990 களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்குக்குத் திரி தந்ததும் பழைய துணியே. இதைப் பெரிய ஞானம் என்று பெருமை பேச எமக்கு விருப்பமில்லை. இல்லாமைதான் அப்படிச் செய்வித்தது. அந்தத் தைப்பும் கிழிப்பும் வீட்டுப் பெண்களின் முதுகில் விழுந்த வேலை. துணி அரிதாக இருந்தவரை அதைப் பற்றி யோசித்தோம். மலிவானதும் யோசிப்பதை விட்டுவிட்டோம் என்பதே உண்மை.

ஆய்வாளர் என்ன சொல்கிறார்கள்? சுவீடன் ஆய்வாளர் இருவர் 2018 இல் 41 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எரிப்பதையும் புதைப்பதையும்விட மீள்சுழற்சி மேல், அதைவிட உடுப்பாகவே திரும்ப உடுப்பது மேல் என்பது பொதுவான முடிவு. அதற்கொரு நிபந்தனை உண்டு. பழையதை வாங்குபவர் அதனால் புதியதொன்றை வாங்காமல் விட்டாற்றான் அந்த நன்மை. அவர் இதையும் வாங்கி அதையும் வாங்கினால் நன்மை இல்லை. கொடுப்பவருக்கும் இது பொருந்தும் என்று நாம் நினைக்கின்றோம். 'பழையதைத் தானம் செய்தாயிற்று' என்ற மனத்திருப்தியோடு, அலுமாரியில் விழுந்த இடத்தை நிரப்பக் கடைக்குப் போனால், நாம் செய்தது தானமா, இடம் ஒழிப்பா?

எந்த வழியைப் பார்த்தாலும் ஒரு வேலை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பிரித்தெடுத்தல். அக்ராவில் வியாபாரி பிரிக்கிறார், பானிப்பட்டில் பெண்கள் பிரிக்கிறார்கள், நாகப்பட்டினத்தில் தொண்டர்கள் பிரித்தார்கள், சுவீடன் ஆலைக்கும் யாரோ பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். கறுப்புப் பையைக் கட்டி வீசும்போது நாம் தவிர்ப்பது அந்த வேலையைத்தான். ஆகவே எங்கள் தாயின் உடுப்பை நாங்களே பிரிப்பது என்று முடிவு செய்தோம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. கூறையும் காஞ்சிபுரங்களும் பேரப்பிள்ளைகளுக்கென்று குடும்பத்துக்குள் நின்றுவிட்டன. (பழைய அசல் சரிகையில் வெள்ளி உண்டு; சேலையை எரித்து அதை எடுக்கும் வியாபாரிகள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்று தம்பி சொன்னபோது அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.) பருத்திச் சேலைகள் மெல்லிதாகி இழை விட்டவை 8, அவற்றைக் கிழித்துத் திரியும் துடைக்கும் துணியுமாக்கினோம். மீதி 13 ஐயும், நல்ல நிலையிலிருந்த பொலியெஸ்ரர் சேலைகளையும் தெரிந்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, "அம்மாவின்ர சீலை ஒண்டு இருக்குது, உங்களுக்கு விருப்பமோ?" என்று கேட்டோம். ஐந்து பேர் வேண்டாமென்றார்கள். அதிலொருவர், "பிள்ளை, என்ர அலுமாரியும் உப்பிடித்தான் கிடக்குது, அதை ஆர் எடுக்கப்போகினமோ" என்றார். முதலில் எங்களுக்குச் சுருக்கென்றது. பிறகு, நாகப்பட்டினத்து மீனவருக்கு இப்படி ஒருவர் முன்கூட்டிக் கேட்டிருந்தால் என்று தோன்றியது. கானாவில் பொதி வாங்குபவரிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. இப்படியாகப் பருத்தி 13 உம் பொலியெஸ்ரர் 17 உம் கைமாறின. நடன வகுப்பு ஆசிரியை ஒருவர் ஒத்திகைக்கென்று 12 எடுத்தார். கார்டிகன்களைத் தோய்த்து, பொத்தான் தைத்துச் சரிற்றிக் கடைக்கே கொடுத்தோம். குளிர்நாட்டு உடுப்பு குளிர்நாட்டிலே விலைப்படட்டும்.

பொலியெஸ்ரர் 11 எஞ்சின. ஜிகினாவும் கல்லும் பசைபோட்டு ஒட்டியவை, கறைபட்டவை. நாம் வாசித்தறிந்த எந்த முறையும் இவற்றை ஏற்காது. அவை பெடிங்டனுக்குப் போயின. அவற்றைத் தாய்க்குக் கொடுத்தவர்களின் பெயர்கள் மடிப்புக்குள் இருந்த துண்டுகளில் எழுதியிருந்தன. அவற்றுள் ஒன்றில் எங்கள் கையெழுத்தே இருந்தது. இவ்வருடம் எங்கள் வீட்டு விசேடத்துக்குச் சேலை வைத்துக் கொடுப்பதில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். சொந்தக்காரர் என்ன சொல்வார்களோ தெரியாது.

நைலெக்ஸ் இரண்டும் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. ஒன்று நாவல் நிறம், மற்றது வெள்ளையிற் பச்சைப் பூ. உடுக்க ஆளில்லை, கரைக்க ஆலையில்லை. சாயம் மட்டும் அன்று வாங்கியது போலவே இருக்கிறது.